கிணற்றுக்குள் ஆள் நிற்கும்போது

சென்ற கிழமை இந்தத் தொடரில், குருநகரில் என் எஞ்சின் பட்டறையின் கதவைத் திறந்ததோடு நிறுத்தியிருந்தேன். முறைப்படி இந்தக் கிழமை உள்ளே போய் முதல் எஞ்சினைக் கழற்றியிருக்க வேண்டும். முடியவில்லை. மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவையும் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். முற்றத்தில் கிணறு இருக்கிறது. அதை எழுதித் தொலைக்காமல் வேறு எதுவும் எழுத வராது போலிருக்கிறது.

நாலு வருடத்துக்கு முந்திய ஆவணி மாதத்து வெயில். இறைப்பு மெசின் அப்போதுதான் நின்றிருந்தது. அதன் சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. கிணற்றுக்கட்டுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் மச்சான் சீலன், என் மனைவி றெஜினாவின் தம்பி. இருவருக்கும் நடுவில் பக்கத்து வீட்டுச் சிவராசா அண்ணை. இடுப்பில் வடக்கயிறு. ஒரு கால் கட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே.

“இறங்கட்டோ பொனி?” என்றார்.

நான் சீலனின் முகத்தைப் பார்த்தபடியே கையை வீசி, “ஓம், ஓம்” என்றேன்.

அவர் இறங்கினார்.

மூன்று வீட்டுக் கிணறு

நான் கடற்கரை ஆள். குருநகரில் பிறந்து, படகு எஞ்சின்களின் எண்ணெய் நாற்றத்தில் வளர்ந்தவன். றெஜினாவைக் கட்டிக்கொண்டு அவளுடைய சீதனக் காணிக்கு, கொக்குவிலுக்கு வந்தேன். ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும் தூரத்தில் வீடு. மாமா ரயில்வேயில் உழைத்து வாங்கிய வளவு அது. பாதி எங்களுக்கு, பாதி சீலனுக்கு. நடுவில் மதில்.

அந்த மதில் கிணற்றடிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. கிணறு மூன்று வீட்டுக்கும் பொது. எங்களுக்கு ஒரு பங்கு, சீலனுக்கு ஒரு பங்கு, மேற்குப் பக்கத்துச் சிவராசா அண்ணைக்கு ஒரு பங்கு. காணி உறுதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் அடிக்குப் போனதும் மூன்று வீட்டாரும் சேர்ந்து மிச்சத் தண்ணீரை இறைத்துவிட்டு, ஊற்று நிரம்புவதற்குள் சேற்றை அள்ளி எடுக்க வேண்டும்.

இறங்குவது எப்போதும் சிவராசா அண்ணைதான். சைவக்காரர். வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்து முடித்து ஓய்ந்தவர். எங்கள் பக்கத்தில் அவர் இறங்காத கிணறு குறைவு. இறங்குவதற்கு முன் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சொல்வதுபோல ஒரு விதியைச் சொல்வார்.

“கிணத்துக்கை ஆள் நிக்கேக்கை, மேலை நிக்கிறவன் கதை குடுத்துக்கொண்டே இருக்கோணும். என்ன கதையெண்டாலும் காரியமில்லை. இண்டைக்கு என்ன கறி எண்டு கேளுங்கோ. கீழை நிக்கிறவன் மறுமொழி சொல்லுவான். மறுமொழி வரேல்லையெண்டால் கயித்தை இழுங்கோ.”

இவ்வளவுதான். ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இரண்டு வளர்ந்த கிறிஸ்தவர்களால் இதைச் செய்ய முடியவில்லை.

நீல மைக் கொப்பி

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு வாதாடுவதில் இருந்த ருசி சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. மாதாவையும் சுரூபங்களையும் ஏற்காத சபைக்காரர் இரண்டு பேர் பட்டறை வாசலில் துண்டுப்பிரசுரத்தோடு வந்து நின்றால், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை நிறுத்திவிடுவேன். கடலுக்குப் போக வேண்டியவன் வள்ளத்தோடு காத்திருப்பான், இருக்கட்டும். மாதா வணக்கம் சரியா பிழையா என்பதை முடித்துவிட்டுத்தான் ஸ்பானர். வேதாகமத்தில் தேவையான இடங்களில் அடையாளத்துக்கு நெருப்புக்குச்சி வைத்திருந்தேன். எதிர்க்கட்சி எதைச் சொன்னால் எதைச் சொல்ல வேண்டும் என்று நீல மையில் ஒரு கொப்பி நிறைய எழுதிவைத்திருந்தேன். ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வேறு படிப்பித்தேன். அந்தக் கொப்பியில் பாதி அவர்களுக்கும் போனது. பாவம் பிள்ளைகள்.

அந்த வாசலில் என்னோடு வாதாடி ஒருவன்கூட எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குத் திரும்பி வரவில்லை. நான் கவனிக்கவேயில்லை. வென்றேனா இல்லையா என்பதைத்தான் கவனித்தேன்.

பிறகு ஒருநாள் சீலன் சபைக்குப் போனான்.

எப்படிப் போனான், ஏன் போனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். அவனுடைய மனைவி செத்த வருடம் அது. அந்த வீட்டில் ஆறு மாதம் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. சபையிலிருந்து யாரோ வந்து சமைத்துக் கொடுத்தார்களாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா காலத்து அந்தோனியார் சுரூபத்தை அவன் கொண்டுவந்து எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டுப் போனதுதான். அன்றைக்கே கொப்பியை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் போனேன்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. இரண்டு மாதத்தில் அவனிடமும் ஒரு கொப்பி இருந்தது. கிணற்றடியில் பல் துலக்கும்போது தொடங்குவோம். விட்ட இடத்திலிருந்து வட்ஸ்அப்பில் தொடர்வோம். மதிலுக்கு அந்தப் பக்கம் அவனுடைய தொலைபேசி மணி அடிக்கும் சத்தம் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். நான் அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று சந்தோசப்படுவேன்.

றெஜினா ஒரு சட்டம் போட்டிருந்தாள்: சாப்பாட்டுக் கோப்பை கழுவி முடிய முதல் சமயம் கதைக்கக் கூடாது. ஒருமுறை நாங்கள் இருவரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கழுவ ஓடியபோது அவள் சொன்னாள்: “உங்கள் ரெண்டு பேருக்கும் வெல்லோணும். ஆண்டவர் இதுக்கை எங்கை நிக்கிறார் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை.”

நாங்கள் சிரித்தோம். அதிலே மட்டும் ஒற்றுமை.

எவ்வளவு தண்ணீர்

அந்த ஆவணிக்கு ஒரு கிழமை முன்னால் என் பேரனுக்கு ஞானஸ்நானம். சீலன் கோயிலுக்கு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினான். ஆனால் கேக்கை மட்டும் தொடவில்லை. றெஜினா அந்தத் துண்டை மூடி வைத்தாள். கிணறு இறைக்கும் நாள் வரைக்கும் அது குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் கொதித்தது.

கிணறு இறைக்கும் நாளில் வீட்டு மோட்டர் மக்கர் பண்ணியது. நான் பட்டறையிலிருந்து மண்ணெண்ணெய் மெசினை ஓட்டோவில் ஏற்றி வந்தேன். தண்ணீர் மிக ஆழத்தில் நின்றதால் மேலே வைத்து இழுக்க முடியவில்லை. கிணற்றின் பாதி ஆழத்தில் பலகை போட்டு மெசினை உள்ளே இறக்கி ஓடவிட்டோம். புகை கிணற்று வாயால் நீலமாக வந்தது.

இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் எஞ்சின் வேலைக்காரன். மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் அந்தக் காற்று ஆளைக் கொல்லும் என்று பட்டறைக்கு வரும் ஒவ்வொருவனுக்கும் சொல்லிக் கொடுத்தவன். மெசின் நின்று, குறைந்தது அரை மணி நேரம் விட்டு, இலைக் குழையைக் கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்கிய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். எனக்குத் தெரியும். அந்த முற்றத்தில் என்னைவிட நன்றாக இது ஒருவருக்கும் தெரியாது.

மேலிருந்தே கம்பியை இழுத்து மெசினை நிறுத்தினேன். பலகையை உள்ளே விட்டு மெசினை மட்டும் தூக்கி எடுத்தோம். சரியாக அந்த நேரத்தில் சீலன் கேட்டான்: “அத்தான், விளங்காத பிள்ளையின்ரை தலையிலை ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டால் அது ஞானஸ்நானமோ?”

காலையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

“அப்ப நீ கடலுக்கை போய்த் தாண்டு எழும்பினது மட்டும்தான் ஞானஸ்நானமோ? உப்புத் தண்ணி எண்டால் கூடப் புண்ணியமோ?”

“முழுக்க முங்கோணும் அத்தான். மனந்திரும்பினவன் முங்கோணும்.”

“முங்கினவையெல்லாம் மனந்திரும்பினவையோ?”

இந்த இடத்தில்தான் சிவராசா அண்ணை “இறங்கட்டோ பொனி?” என்று கேட்டது. இந்த இடத்தில்தான் நான் ஓம் சொன்னது. அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. அதற்கு மேலே போகவில்லை.

முதல் வாளி சேறு வந்தது. இழுத்துக் கொட்டினோம். இரண்டாவது வாளி வந்தது. கீழேயிருந்து அவருடைய குரல், பகிடியாக: “எவ்வளவு தண்ணி வேணுமெண்டு மேலை சண்டை பிடிக்கிறியள். இஞ்சை கீழை தண்ணியே இல்லை.”

சிரித்தோமா என்று நினைவில்லை. மூன்றாவது வாளியும் வந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான்காவது வாளி எங்கே என்று இருவரும் கேட்கவில்லை. பழைய சட்டம், புதிய சட்டம், கண் திறந்த பாவி, கண் திறக்காத குழந்தை என்று நாங்கள் எங்கேயோ போய்விட்டோம். என்னிடம் நல்லதொரு மறுமொழி இருந்தது. கொப்பியிலே கூட இல்லாதது. அந்த நிமிடம் புதிதாகத் தோன்றியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

றெஜினாவின் தேத்தண்ணி

றெஜினா தட்டத்தில் மூன்று தேத்தண்ணியோடு வந்தாள்.

“அண்ணைக்கு வாளியிலை இறக்கட்டோ, இல்லாட்டி மேலை வாறாரோ?” என்றாள். நாங்கள் காதில் வாங்கவில்லை. அவள் கட்டுக்கு மேலால் குனிந்து தானே கூப்பிட்டாள். “சிவராசா அண்ணை! தேத்தண்ணி!”

மறுமொழி வரவில்லை.

“அண்ணை!”

தட்டம் கீழே விழுந்த சத்தம்தான் எங்களை நிறுத்தியது.

குனிந்து பார்த்தேன். கிணற்றுச் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கால் சேற்றுக்குள் இருந்தது. ஊற்றுத் தண்ணீர் அவருடைய முழங்காலைச் சுற்றி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

சீலன் சட்டையோடு கிணற்றுக்கட்டில் ஏறினான். நான் அவனுடைய கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

“இறங்காதை! நீயும் போவாய்! உள்ளுக்கை காத்தில்லை!”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை எத்தனை வருடம் போனாலும் என்னால் துடைத்துப் போட முடியாது.

“அத்தான், உங்களுக்குத் தெரியுமோ?”

கயிற்றைப் பிடித்தேன். அவனும் பிடித்தான். கப்பி கத்தியது. ஆளைத் தூக்குவது வாளியைத் தூக்குவது போல இல்லை. ஒவ்வொரு முழமும் கையைப் பிய்த்தது. பாதியில் அவருடைய தோள் மெசின் பலகையில் முட்டி மாட்டிக்கொண்டது. சீலன் “இயேசுவே, இயேசுவே” என்றான். நானும் அதைத்தான் சொன்னேன். றெஜினா எங்களுக்கு நடுவில் வந்து கயிற்றைப் பிடித்தாள். பலகை உடைந்து உள்ளே விழுந்தது. அவர் மேலே வந்தார்.

முகம் சிவந்திருந்தது. மூச்சு இருந்தது, இல்லாதது மாதிரி இருந்தது.

வாங்கு

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு நீள வாங்கு. அதில் நானும் சீலனும். எங்கள் கைகளில் கயிறு அறுத்த இரத்தம். உள்ளே அவருக்கு ஒட்சிசன் போட்டிருந்தார்கள். சொல்ல முடியாது என்றார்கள்.

என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து நடந்தேன். திரும்பி வந்து இருந்தேன். மறுபடி எழுந்தேன்.

சீலன் கண்ணை மூடி, இரண்டு கையையும் கொஞ்சமாகத் தூக்கி, உதட்டுக்குள் ஜெபிக்கத் தொடங்கினான். நான் சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்தேன். அப்போது ஒன்று நடந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். அவனுடைய தூக்கிய கைகளைப் பார்த்ததும் அதற்கு ஒரு நக்கல் எனக்குள் தானாக எழும்பித் தொண்டை வரைக்கும் வந்தது. உள்ளே ஒரு மனிதன் என்னால் செத்துக்கொண்டிருக்கிறான். வெளியே எனக்கு ஒரு நல்ல மறுமொழி தயாராக இருக்கிறது. அதை விழுங்கினேன். அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பார்த்துப் பயம் வந்தது.

வைத்தியர் வந்தார். சின்ன வயசுப் பெண்.

“மெசின் நிப்பாட்டி எவ்வளவு நேரத்தாலை இறங்கினவர்?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“உடனை,” என்றான் சீலன்.

“ஆர் இறங்கச் சொன்னது?”

இப்போது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் அந்த ‘ஓம், ஓம்’ஐக் கேட்டவன். எத்தனையோ வருடமாக என்னை வாயடைக்க ஒரு சொல் தேடியவன். அந்தச் சொல் இப்போது அவனுடைய கையில் இருந்தது.

“நாங்கள் ரெண்டு பேரும்தான் மேலை நிண்டனாங்கள், டொக்டர்,” என்றான். “எங்கடை பிழை.”

அவர் எழுதிக்கொண்டு போனார். சீலன் மறுபடி கண்ணை மூடினான்.

பின்னேரம் சிவராசா அண்ணையின் மனைவி பரமேசக்கா வந்தா. காலையிலேயே நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தவா. யாரோ தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து அவருடைய நெற்றியில் பூசினா. எங்களைத் திரும்பிப் பார்த்து, “நீங்களும் உங்கடை ஆண்டவரிட்டைக் கேளுங்கோ தம்பி. ரெண்டு பேரும் சேந்து கேளுங்கோ” என்றா.

உங்கடை ஆண்டவர். அவாவுக்கு எங்களிருவரின் ஆண்டவரும் ஒருவர்தான். அதை அவாவுக்கு யாரும் கொப்பியில் எழுதிக் கொடுக்கவில்லை.

கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரே செபம், ஆண்டவர் கற்பித்ததுதான். அவனுடைய சொல் கொஞ்சம் வேறு, என்னுடையது கொஞ்சம் வேறு. முடிவு எனக்கு முதல் வந்துவிட்டது. சபைக்காரர் சொல்லும் செபத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவன் முடிக்கும் வரைக்கும் பேசாமல் நின்றேன்.

அடுத்த நாள் காலை அவர் கண் விழித்தார். எங்களைப் பார்த்தார். “சண்டை முடிஞ்சுதோ? ஆர் வெண்டது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தொடர்ந்து சொன்னதுதான் இன்னும் நித்திரையில் எழுப்புகிறது: “தலை சுத்தேக்கை கூப்பிடுவம் எண்டுதான் நினைச்சனான். மேலை உங்கடை சத்தம் நல்லாக் கேட்டது. ஆக்கள் நிக்கினந்தானே எண்டு இருந்திட்டன்.”

இந்த ஆவணி

அதற்குப் பிறகு சீலனும் நானும் சமயம் பேசவில்லை. சட்டம் போட்டு நிறுத்தவில்லை; வாய் வரவில்லை. முதல் மாதங்களில் எங்களுக்குப் பேச வேறு எதுவுமே இல்லை என்று கண்டுபிடித்தோம். கிணற்றடியில் இரண்டு ஊமைகள் மாதிரிப் பல் துலக்கினோம். பிறகு ஒருநாள் அவனுடைய மனைவி எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் சொன்னான். அத்தனை வருடமும் பக்கத்தில் இருந்தும் நான் கேளாத கதை.

அவன் மாறிவிட்டான் என்றோ நான் மாறிவிட்டேன் என்றோ நினைக்க வேண்டாம். அவன் இன்னும் சபைக்குத்தான் போகிறான். கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. சில நாட்களில் கை அரிக்கிறது. அவன் வட்ஸ்அப்பில் ஏதாவது போட்டால் பதில் எழுதி, அழித்து, எழுந்து நடந்து, பிறகு பேரனின் படம் ஒன்றை அனுப்புகிறேன். இதை வெற்றி என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சிவராசா அண்ணை ஊரெல்லாம், தான் அவசரப்பட்டு இறங்கியதாகவே சொல்லித் திரிந்தார். ஓம் சொன்னது நான் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “அவரிட்டைச் சொன்னனீரோ?” என்றுதான் பாதர் கேட்டார். இல்லை. நாலு ஆவணி போயும் இல்லை.

இந்த ஆவணியில் மறுபடி இறைத்தோம். மின் மோட்டர்தான், மண்ணெண்ணெய் மெசினை நான் கிணற்றடிக்கே கொண்டுவருவதில்லை. சிவராசா அண்ணை கதிரை போட்டு நிழலில் இருந்தார். சீலன் இறங்கினான். கயிறு என் கையில்.

“சீலன்!”

“ஓம் அத்தான்.”

“சேறு கனக்கவோ?”

“முழங்காலளவு.”

“இண்டைக்கு என்ன கறி?”

“அக்காவைக் கேளுங்கோ.”

இப்படியே போனது. பத்தாவது வாளியோ பதினோராவது வாளியோ, கீழேயிருந்து அவன் கேட்டான்: “அத்தான், அண்டைக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தனீங்கள். தேத்தண்ணித் தட்டம் விழுந்திட்டுது. என்ன மறுமொழி அது?”

அந்த மறுமொழி நாலு வருடமாக என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்கு அவனிடம் பதில் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

“மறந்து போச்சடா,” என்றேன்.

கதிரையில் சிவராசா அண்ணை சிரித்தார். அந்தச் சிரிப்போடு எனக்குள் இருந்த அடைப்பு கழன்றதோ என்னவோ, கயிற்றைப் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினேன்.

“அண்ணை, அண்டைக்கு நீங்கள் இறங்கட்டோ எண்டு கேட்டனீங்கள். நான்தான் ஓம் எண்டனான். காத்து நஞ்செண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு…”

“தெரியும்,” என்றார்.

“தெரியுமோ? பிறகேன் எல்லாரிட்டையும்…”

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கிணற்றைக் காட்டினார்.

“உதைப் பிறகு கதைப்பம். கீழை ஆள் நிக்குது. கூப்பிடும்.”

திரும்பிக் கட்டுக்கு மேலால் குனிந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. சேறு அள்ளும் சத்தம் கேட்கவில்லை.

“சீலன்!”

ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

“ஓம் அத்தான். நிக்கிறன்.”